கலைப்பொருளைக் காப்பதும் கலைஞனைக் காப்பதும்

அழிந்துபோகும் நிலையிலுள்ள ஓவியம் ஒன்றை அதன் அருமை அறிந்த ஒருவன் விலைகொடுத்து வாங்கிக் காப்பாற்றுகிறான். பின்னர் அது கடல்கடந்து வேற்றுநாட்டு நூதனசாலை ஒன்றிற் சென்று சேர்கிறது. அவன் அவ்வோவியத்தைக் காத்தவனா? அன்றி, அதனைப் படைத்த மக்களிடமிருந்து பிரித்தவனா?

கலாயோகி ஆனந்த குமாரசுவாமியின் வாழ்க்கை எழுப்பும் வினா இது. ஊவா மலைத் தோட்டங்களின் நடுவே வாழும் நமக்கு இது தொலைவிலுள்ள வினா அன்று.

1877இல் கொழும்பிற் பிறந்த குமாரசுவாமி, இரண்டு வயதிலேயே தந்தை சேர் முத்து குமாரசுவாமியை இழந்து, தாயாரின் நாடான இங்கிலாந்தில் வளர்ந்தார். நிலவியல் கற்று, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கினார். கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களுக்குச் சென்றவரின் கண்ணிற் பட்டவை, தச்சரும் கொல்லரும் குயவரும் நெசவாளரும் செய்த பொருள்கள். அவற்றோடு, அத்தொழில்கள் நலிந்துவந்த காட்சி. அதன் பயனே ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூல். வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேயே 425 பிரதிகள் அச்சிட்டு, 1908இல் அதனை வெளியிட்டார்.

கலை நலிந்ததற்குக் கைவினைஞரின் திறமைக் குறைவை அந்நூல் காரணமாகக் காட்டவில்லை. கண்டி அரசிற் கைவினைஞனுக்குத் தொழிலின்பொருட்டு நிலம் இருந்தது. 1815இல் அரசு வீழ்ந்தபின் அவ்வமைப்புச் சிதைந்தது. ஆலைப்பொருள்கள் வந்து குவிந்தன. ஊவாவோ மேலும் கொடிய விலை கொடுத்தது. 1818ஆம் ஆண்டின் கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலப் படை இங்கு வயல்களையும் வீடுகளையும் எரித்தது. ஹாலி-எலவுக்கு அருகே போகொடையில் இன்றும் நிற்கும் கூரையிட்ட மரப்பாலத்தைக் காண்போர், அத்தகைய தச்சுக்கைகள் எங்கே போயின என்று கேளாமல் இருக்க முடியாது. ரசனை குன்றியதால் அன்று, வாழ்வாதாரம் பறிக்கப்பட்டதாலேயே கலை அழிந்தது என்னும் உண்மையை அவர் நூலிலிருந்து நாம் தயக்கமின்றி ஏற்கலாம்.

பின்னர் அவர் இந்தியாவிற் சுற்றி, அறிஞர் பலரும் மொகலாய ஓவியத்தின் பகுதியெனக் கருதியிருந்த இராஜபுத்திர ஓவியங்களைத் திரட்டி, 1916இல் இரு தொகுதிகளாக அவற்றின் தனித்தன்மையை நிறுவினார். அத்திரட்டைக் கொண்டு காசியில் ஒரு தேசிய நூதனசாலை அமைய வேண்டுமென விரும்பினார். செல்வரும் சமஸ்தானாதிபதிகளும் நிறைந்த அந்நாட்டில் அதற்கு ஆதரவு கிட்டவில்லை. 1917இல் அத்திரட்டு அமெரிக்காவின் பொஸ்ரன் நூதனசாலையை அடைந்தது. அவரும் அங்கேயே பொறுப்பாளராகி, 1947இல் மறையும்வரை பணியாற்றினார். பழி அவர்மீது மட்டும் சாருமா? கைநீட்டியபோது ஏற்காதவர்க்கும் அதிற் பங்குண்டு. ஆயினும், காங்கிரா மலையடிவாரத்துச் சிறுவன் தன் முன்னோரின் ஓவியத்தைக் காணப் பொஸ்ரனுக்குச் செல்ல வேண்டியிருப்பது இழப்பே. கலைப்பொருள்கள் வாழ்வின் பயன்பாட்டுக்காகவே பிறந்தவை. கண்ணாடிப் பேழைக்காக அன்று என்பதை அவரே பிற்கால எழுத்துக்களில் வற்புறுத்தினார்.

ஓரிடத்தில் நாம் அவரோடு முரண்படுகிறோம். சாதிவழித் தொழிலமைப்பை அவர் ஓர் இலட்சிய ஒழுங்காகக் கண்டார். அதே ஒழுங்குதான் பறையடித்தவனை வாயிலுக்கு வெளியே நிறுத்தியது. கலையை வளர்த்தது என்பதற்காக இழிவை மன்னிக்க இயலாது.

அவர் மலைநாட்டிற் கல் தேடிய அதே ஆண்டுகளில், ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் நம் மக்கள் லயங்களில் அடைந்து வாழ்ந்தனர். அவர்களிடமும் கலை இருந்தது. மாசி மாதத்திற் காமன் கம்பம் நட்டு, தப்பு முழங்க, பகலெல்லாம் உழைத்த உடல்களே இரவில் ரதியும் மன்மதனுமாக ஆடின. நடராஜ வடிவின் தத்துவத்தை உலகறிய விளக்கினார் குமாரசுவாமி. அந்தச் சிவன் பேழையில் நிற்கும் வெண்கலம். நெற்றிக்கண் திறந்து மன்மதனை எரிக்கும் அதே சிவன், காமன் பொட்டலில் நாட்கூலி பெறும் தொழிலாளி. இக்கூத்தை விலைக்கு வாங்கிக் காக்க எந்தப் புரவலராலும் இயலாது. தம் கூலியிலிருந்து காசு சேர்த்து இதனை நடத்தும் தோட்டத்து மக்களே இதன் புரவலர். நூதனசாலை இல்லாமையால் இக்கூத்து அழியாது. கூலி போதாமல் இளைஞர் கொழும்புக்குச் சென்றுவிட, ஆடுவதற்கு ஆளின்றி அழியும்.

சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டத்துப் பாடல்களைத் திரட்டி நூலாக்கினர். அந்நன்றி பெரிது. திரட்டுவோர் இல்லையேல், இழந்தது எதுவென்பதையும் அறியாதவர் ஆவோம். ஆனால் ஏடு பாட்டைக் காக்கும், பாடுபவளைக் காக்காது.

எனவே நம் விடை இது: சேகரிப்பவன் பணி தேவையானது, ஆனால் அது இரண்டாவது பணி. படைப்பவனுக்கு நிலமும் நியாயமான கூலியும் ஓய்வும் கிட்டச் செய்வதே முதற்பணி. ஆசிரியரும் மாணவரும் குறிப்பேட்டோடு லயத்துக்குச் செல்லட்டும். பாட்டோடு பாடியவர் பெயரையும் எழுதட்டும். திரட்டியதைத் திரும்ப அம்மக்களிடமே சேர்க்கட்டும். அவர்கள் கூலி உயர்வுக்குக் குரல் எழுப்பும் நாளில் அதே வாசலிற் சென்று உடன் நிற்கட்டும். பாட்டைக் கேட்டவர்க்கு அந்தக் குரலையும் கேட்கும் கடமை உண்டு.