கைமாறும் சொல்

1985ஆம் ஆண்டிலே பிரீட்ஹெல்ம் ஹில்லப்ராண்ட் என்னும் ஜேர்மன் பொறியியலாளர், தட்டச்சு இயந்திரத்தின் முன் அமர்ந்து மனத்தில் தோன்றிய வாக்கியங்களை அடித்து, எழுத்துக்களை எண்ணிப் பார்த்தார். பெரும்பாலானவை 160க்குள் அடங்கின. கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தியின் அளவு அவ்வாறே அமைந்தது. 2006இல் அமெரிக்காவில் தோன்றிய டுவிட்டர் (இன்று ‘எக்ஸ்’ எனப் பெயர் மாறியது), அனுப்புவோர் பெயருக்கென 20 எழுத்தை ஒதுக்கி, எஞ்சிய 140ஐ மனிதனுக்கு அளித்தது. 2017இல் அது பெரும்பாலான மொழிகளுக்கு 280 ஆயிற்று. அரசுத் தலைவர்களும் சாதாரண மக்களும் ஒருங்கே பேசும் மேடையின் அளவை முதலில் வகுத்தது தொலைபேசி வலையமைப்பின் வசதியே.

சுருக்கமே கேடு என்று நாம் கூற வரவில்லை. இரண்டடியில் அறமுரைத்த மரபினருக்கு அப்படிக் கூறும் உரிமையும் இல்லை. தந்தியும் சுருக்கமானதே. ஆனால் தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு கொடுக்க வேண்டியிருந்தமையால், எதை நீக்கலாம், எதை நீக்கலாகாது என்று அனுப்புபவன் யோசித்தான். இங்கே சொல்லுக்கு விலையில்லை. அனுப்புபவன் கொடாத விலையை விளம்பரக்காரன் கொடுக்கிறான். நமது கண் திரையிலே தங்கும் நேரத்துக்குத்தான் கொடுக்கிறான். கண்ணைத் தங்கவைப்பதில் ஆத்திரத்துக்கு நிகரான சரக்கு வேறில்லை.

நாம் எழுப்ப விரும்பும் கேள்வி இதுவே: பிறர் சொல்லைக் கைமாற்றுபவனுக்கு அச்சொல்லின் பொறுப்பில் பங்குண்டா?

2009க்கு முன்னர், பிறர் கூற்றைப் பரப்ப விரும்பியவர் அதனைத் தாமே பிரதிசெய்ய வேண்டியிருந்தது. சிறிய வேலைதான், ஆயினும் மறுயோசனைக்கு அதில் இடமிருந்தது. அவ்வாண்டிலே ‘ரீட்வீட்’ பொத்தான் வந்தது. அந்த இடமும் போயிற்று.

2013 டிசம்பரிலே இலண்டனிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு விமானமேறிய ஒரு பெண், எயிட்ஸ் நோயையும் தோலின் நிறத்தையும் இணைத்து ஒரு வரி எழுதினார். கேலி என்று கொண்டாலும் கேடான கேலி. அவரைப் பின்தொடர்ந்தோர் ஏறக்குறைய 170 பேரே. அவர் பதினொரு மணி நேரம் ஆகாயத்தில் இருக்க, தரையிலே உலகம் தீர்ப்புக் கூறிற்று. விமானம் எப்பொழுது இறங்கும், அவர் முகம் எப்படி மாறும் என்று காத்திருந்து களித்தவர் பலர். வேலை போயிற்று. நிறவெறியை வெறுப்பவர்களே நாமும். ஆனால் வழக்கு நடப்பதைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் அறியுமுன்னரே முடிந்துவிட்ட விசாரணையை நீதியென்று அழைக்க நமக்கு நா எழவில்லை. நிறவெறியால் கொழுப்பவர் எவரும் அன்று ஒரு சதமேனும் இழந்ததாகத் தெரியவில்லை.

அங்கே ஒவ்வொருவரும் எறிந்தது ஒரு கூழாங்கல். “என் கல்லாலா அவர் வீழ்ந்தார்?” என்று கேட்டால் விடை கூறுவது எளிதன்று. பழைய அறநூல்கள் புறங்கூறுபவனை அறியும். அவனுக்கு முகமுண்டு, மறுநாள் அதே கிணற்றடிக்கு அவன் வந்தாகவேண்டும். இலட்சம் பேர் ஆளுக்கொரு விரலசைத்துச் செய்யும் புறங்கூறலை அவை அறியா. பங்கு சிறிதெனில் பொறுப்பும் சிறிதென்பது வியாபாரக் கணக்கு. கூட்டத்தின் பலத்தை அறிந்தே அதிற் சேர்பவன், அது செய்வதில் தன் பங்கை மட்டும் தனியே வெட்டியெடுக்க முடியாது என்பதே நமது கருத்து. 2018இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளிவந்த ஆய்வொன்று, டுவிட்டரில் உலவிய ஏறத்தாழ 126,000 செய்திகளைப் பரிசீலித்தது. 1,500 பேரை எட்ட உண்மைக்குப் பொய்யைவிட ஆறு மடங்கு காலம் வேண்டியிருந்தது. அப்பொய்களின் வேகத்துக்கு முதற் காரணம் இயந்திரக் கணக்குகளல்ல, மனிதரே.

இதனைக் காட்டி, பாமரர் கையிலே பேனாவைக் கொடுத்ததே பிழை என்று முணுமுணுக்கும் கனவான்கள் உளர். அவர்களுடன் நமக்கு உடன்பாடில்லை. தரானா பர்க் என்னும் கறுப்பினப் பெண் 2006இல் தொடக்கிய ‘மீ டூ’ என்ற இரு சொற்கள், 2017 ஒக்டோபரில் இவ்வழியேதான் உலகெங்கும் பரவின. எந்தப் பத்திரிகையிலும் இடம்பெறாத வேதனைகள் அன்று பேசப்பட்டன. நமது நாட்டிலும் 2022 ஏப்ரில் 3ஆம் திகதி, மின்வெட்டாலும் விலைவாசியாலும் வதைந்த மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஊரடங்குச் சட்டத்துடன் டுவிட்டர் உட்படச் சமூக வலைத்தளங்களும் முடக்கப்பட்டன. ஆட்சியாளர் அன்று அஞ்சியது பொய்க்கன்று.

தடையன்றி வேறு வழியில்லையா? 2020 ஜூனிலே அக்கம்பெனி ஒரு பரிசோதனை நடத்தியது. கட்டுரையைத் திறவாமலே அதனைப் பரப்ப முனைவோரிடம், முதலில் படிக்க விருப்பமா என்று திரை கேட்டது. கேள்வியைக் கண்டவர்கள் கட்டுரைகளைத் திறப்பது 40 வீதம் கூடிற்று என்று கம்பெனியே சில மாதங்களின் பின் அறிவித்தது. 2009இல் பறிபோன அந்தச் சிறு இடத்தை ஒரு வினாவால் மீட்க முடியுமெனில், பதினொரு ஆண்டுகள் அதனைக் கேளாதிருந்தது ஏன்? 2022 ஒக்டோபரிலே, ஏறத்தாழ 4,400 கோடி டொலருக்கு, பொத்தானும் வினாவும் சேர்ந்தே எலன் மஸ்க் என்ற ஒருவரின் உடைமையாயின.