சலுகையா, தடையா?

குடும்பத்தோடு கடற்கரைக்குச் சென்று வருவதை ஒரு தத்துவப் பிரச்சினையாக எவரும் எண்ணுவதில்லை. சோற்றைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, ஒரு பகற்பொழுதை அலையோரத்தில் கழித்துத் திரும்புவதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது? ஆயினும் அக்குடும்பத்தின் தந்தையோ தாயோ சக்கர நாற்காலியில் அமர்ந்தவராக இருப்பின், அச்சிறு பயணமே நம் அன்பையும் நீதியுணர்வையும் உரைத்துப் பார்க்கும் கல்லாகி விடுகிறது.

விருத்தாசலத்தை அடுத்த நல்லூரில் வாழும் ஒரு குடும்பத்தை வாசகர்கள் மனத்தில் எண்ணிக்கொள்ளட்டும். விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். பொம்மைகளும் அகல் விளக்குகளும் மின்சாரத் தேவைக்கான பீங்கான் சாமான்களும் அங்குள்ள சூளைகளில் வெந்து வெளிவருகின்றன. அத்தகைய சூளையொன்றில் பல்லாண்டுகள் நின்று உழைத்த ஒருவர் கால்களின் வலுவை இழந்து, சக்கர நாற்காலிக்கு வந்து விட்டார் என்று கொள்வோம். அவருக்குப் பள்ளியில் படிக்கும் இரு பிள்ளைகள். கோடை விடுமுறை வருகிறது. நல்லூர் கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இருக்கிறது. கடல் அம்மாவட்டத்தின் கிழக்கெல்லை. நல்லூரைத் தொட்டோடும் மணிமுத்தாறு வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைந்து விடுகிறது. நாமும் கடலூர் தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரை வரை போய் வரலாமே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

அப்போது அந்தத் தந்தை சொல்கிறார்: "நீங்கள் போய் வாருங்கள். எனக்கு வேண்டாம்."

அந்த 'வேண்டாம்' என்ற சொல்லைத்தான் நாம் ஆராய வேண்டும். வீட்டார் அதை எளிதில் ஏற்றுக்கொள்கின்றனர். "அத்தாவுக்கு அலைச்சல் ஆகாது, அவர் வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும்" என்கின்றனர். இதில் வஞ்சகம் ஏதுமில்லை. மெய்யான பரிவே இருக்கிறது. ஆனால், ஒருவர் மனமாரச் சொல்லும் 'வேண்டாம்' வேறு. வழியே இல்லாததால் சொல்லும் 'வேண்டாம்' வேறு. எட்டாத பழம் புளிக்கும் என்ற பழமொழியை நாம் ஏளனமாகவே சொல்லிப் பழகி விட்டோம். எட்டாத பழத்தைப் புளிப்பென்று சொல்லித் தன் மனத்தை ஆற்றிக்கொள்பவனின் துயரம் அதில் மறைந்திருப்பதைக் கவனிப்பதில்லை. பலமுறை படியோரத்திலும் மணலோரத்திலும் காத்திருந்து பழகியவர், கேட்கப்படுமுன்பே மறுத்து விடக் கற்றுக்கொள்கிறார். தம்மால் பிறர் இன்பம் குறையலாகாது என்ற பெருந்தன்மையும் அதில் கலந்திருக்கிறது. அவருடைய பெருந்தன்மையை அவருடைய விருப்பமாகக் கணக்கெழுதி விடலாமா?

இவ்விடத்தில் வரலாற்றுச் செய்தியொன்று நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 625இல், உஹதுப் போருக்கு மதீனத்து மக்கள் புறப்பட்டனர். அவர்களுள் அம்ர் இப்னு ஜமூஹ் (ரலி) என்பவர் கால் ஊனமுற்ற முதியவர். அவருடைய புதல்வர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடன் போர்க்களம் சென்று வருபவர்கள். தந்தையை அவர்கள் தடுத்தனர். உங்களுக்கு இறைவனே விலக்களித்திருக்கிறான், நீங்கள் வீட்டில் இருங்கள் என்பது அவர்களின் வாதம். அவரோ அண்ணல் நபியிடம் சென்று முறையிட்டார். அவருக்கு விலக்கு உண்டென்பதை நபியவர்கள் அவரிடமே எடுத்துரைத்தார்கள்; ஆயினும் புதல்வர்களை நோக்கி, அவரைத் தடுக்க வேண்டாமென்று சொல்லி விட்டார்கள். அவர் களம் புகுந்தார், அங்கேயே ஷஹீதானார்.

போர்க்களமும் கடற்கரையும் ஒன்றல்ல என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்நிகழ்ச்சியில் புலப்படும் ஒரு வேறுபாடே நமக்கு வேண்டியது. சலுகை என்பது ஒருவருக்குக் கொடுக்கப்படுவது. அதைக் கொள்வதும் விடுவதும் அவர் கையில் இருக்க வேண்டும். அதைச் சுற்றத்தார் தம் கையில் எடுத்துக்கொண்டு, "உமக்குத்தான் விலக்கு இருக்கிறதே" என்று அவர்முன் வைக்கும் கணத்தில் அது தடையாகி விடுகிறது. அந்தப் புதல்வர்கள் தந்தையை வெறுத்தவர்களல்லர். அவர்மீது கொண்ட அன்பினால்தான் தடுத்தார்கள். நம் வீடுகளில் நிகழ்வதும் பெரும்பாலும் இதுவே.

கடற்கரைக்குத் திரும்புவோம். தந்தையை வீட்டில் விடாமல் அழைத்துச் செல்ல முடிவு செய்தாலும், சாலையோரத்தோடு அவர் பயணம் முடிந்து விடுகிறதே, ஏன்? சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை, குறுகியவை. உட்கார்ந்தவரின் பாரம் சிறு பரப்பில் அழுந்தும்போது உலர்ந்த மணல் விலகிக் கொடுக்கிறது. சக்கரம் உருள்வதற்குப் பதில் புதைகிறது. பின்னிருந்து தள்ளத் தள்ள இன்னும் ஆழப் புதையும். அலை தொட்டுச் சென்ற ஈர மணலோ இறுகிக் கெட்டியாக இருக்கும்; அங்கு சக்கரம் ஓரளவு உருளும். ஆனால் அந்த ஈர மணலை அடைவதற்கு உலர்ந்த மணலைக் கடந்தாக வேண்டும். ஆகவே பிள்ளைகள் அலையை நோக்கி ஓட, தாய் அவர்கள் பின்னே விரைய, தந்தை செருப்புகளுக்கும் சோற்றுப் பைக்கும் காவலாகச் சாலையோரத்தில் அமர்ந்திருக்கிறார். பிள்ளை சற்று ஆழத்துக்குப் போனால் "போதும், திரும்பி வா" என்று அதட்டுவதற்கும் அவர் குரல் எட்டுவதில்லை. இன்பத்தில் மட்டுமன்றித் தந்தைக்குரிய பொறுப்பிலும் அவருக்குப் பங்கில்லாமற் போகிறது.

"இயற்கை அப்படி அமைந்து விட்டது, மனிதர் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பவர் உண்டு. அவர்கள் சென்னை மெரினாவின் கதையை அறிய வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு, அங்கே கடல் இன்றிருப்பதைக் காட்டிலும் சாலைக்கு வெகு அருகில் இருந்தது. துறைமுகத்துக்காகக் கடலுள் எழுப்பிய சுவர்கள், கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்த மணலைத் தடுத்து நிறுத்தின. அதனால் தெற்கே மணல் குவிந்து கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் அமைத்த உலாவுசாலைக்கும் அலைக்கும் இடையே இன்று பரந்து கிடக்கும் மணல்வெளியில் பெரும்பகுதி மனிதர் செயலின் விளைவே. கப்பலுக்காகக் கடலையே தள்ளி வைக்க முடிந்தவர்களுக்கு, ஒரு நாற்காலிக்காகப் பாதை போட முடியாதா?

போட முடியும் என்பது பின்னர் மெய்ப்பிக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளின் நெடுநாள் வேண்டுகோளின் பயனாக, முதலில் ஆண்டுக்குச் சில நாள் மட்டும் தற்காலிகப் பாதை போடப்பட்டது. பின்னர் 2022 நவம்பர் 27 அன்று, மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே நிலையான மரப்பாதை திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர். அகலம் 3 மீட்டர். செலவு 1 கோடியே 14 இலட்சம் ரூபாய். இருபுறமும் கைப்பிடியோடு அது அலைக்கு அருகே வரை செல்கிறது. சென்னையிலேயே வாழ்ந்தும் கடல் நீரைத் தொடாமலிருந்தவர்களுக்கு அது தொடும் தூரத்துக்கு வந்தது.

இரு வாரங்கள் செல்வதற்குள் மாண்டஸ் புயல் வீசியது. டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த அப்புயலின் அலைகள் பாதையின் கடலோர முனையைச் சிதைத்தன. "பார்த்தீர்களா, கோடி ரூபாய் கடலில் போயிற்று" என்று சிலர் பேசினர். பாதை செப்பனிடப்பட்டது. புயல் சாலைகளையும் பாலங்களையும் உடைக்கிறது; அதற்காகச் சாலையே வேண்டாமென்று நாம் முடிவு செய்வதில்லை. மீண்டும் போடுகிறோம். சிலருக்கான வழி உடையும்போது மட்டும், அது முதலிலேயே தேவைதானா என்ற கேள்வி எழுகிறது. இந்த வேறுபாட்டை நம் மனச்சான்று கவனிக்க வேண்டும்.

மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் சாய்தளம் அமைக்க வேண்டியிருக்க, கடற்கரைக்கு என்ன அவசரம் என்பது இன்னொரு வாதம். இது நியாயமானது போலத் தோன்றும். ஆனால், நடக்க வல்ல நாம் எல்லா மருத்துவமனைகளும் செம்மையுற்ற பிறகுதான் கடற்கரைக்குப் போவதென்று காத்திருக்கிறோமா? நோய்க்கு மருந்தும் வயிற்றுக்குச் சோறும் தந்தால் ஊனமுற்றவருக்குப் போதும், மகிழ்ச்சி நமக்கு உரியது என்ற எண்ணம் அவ்வாதத்தின் அடியில் கிடக்கிறது. ஒரு மனிதரை உயிரோடு வைத்திருப்பது ஒன்று. குடும்பத்தின் நடுவே வாழ வைப்பது மற்றொன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பொழுதுபோக்கிலும் பண்பாட்டு வாழ்விலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கு பெறும் உரிமையைத் தெளிவாகவே கூறுகிறது. சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட அணுகல் விதி வெறும் பரிந்துரைகளாக நின்று விட்டதை எடுத்துக்காட்டி, கட்டாயமான விதிகளை வகுக்குமாறு 2024 நவம்பர் 8 அன்று உச்சநீதிமன்றம் ஒன்றிய அரசைப் பணித்தது. 2011 மக்கள் தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 2 கோடியே 68 இலட்சம் பேர் ஊனமுற்றோர். முதுமையை எண்ணினால், அந்த வரிசையில் சேராமலே வாழ்ந்து முடிப்போம் என்று நம்மில் யாரும் உறுதி கூற இயலாது.

"பாதை எதற்கு? நாங்கள் நால்வர் சேர்ந்து தூக்கிச் செல்ல மாட்டோமா?" என்று உள்ளன்போடு கேட்பவரும் உண்டு. இந்தக் கேள்விக்கு மரியாதையோடு விடை கூற வேண்டும். தூக்கிச் செல்வது தயவு. அந்தத் தயவை எவரும் இகழலாகாது. பாதையில்லாத ஊரில் அதுவே வழியுமாகும். ஆயினும், தூக்கப்படுபவர் எப்போது போவது, எவ்வளவு நேரம் இருப்பது, எப்போது திரும்புவது என்பவற்றை எல்லாம் தூக்குபவரின் ஓய்வும் விருப்பமும் தீர்மானிக்கின்றன. நால்வருக்கும் நன்றி சொல்லி முடித்த பிறகே அவர் தம் பிள்ளைக்குத் தந்தையாக முடியும். பார்த்துக்கொண்டு நிற்பவர்களின் கண்கள் வேறு. பாதை இருப்பின், மகளின் கையைத் தாமே பிடித்துக்கொண்டு, தாமே சக்கரத்தை உருட்டிப் போகிறார். அவர் யாருக்கும் கடன்படவில்லை. தயவு வருகிறவரைப் பொறுத்து மாறும். நீதி அங்கேயே கிடக்கும். ஒரு சமுதாயத்துக்கு இரண்டும் வேண்டும். முன்னதைச் செய்து விட்டதனால் பின்னது தேவையில்லை என்று எண்ணுவதுதான் பிழை.

மடக்கி எடுத்துச் செல்லத்தக்க நாற்காலியின் தோற்றமும் இதற்குச் சான்று. சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்த ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர், தம் நண்பர் ஹாரி ஜென்னிங்சுடன் சேர்ந்து 1930களில் அதை உருவாக்கினார். காரில் ஏற்றிச் செல்லும் வண்ணம் அது மடங்க வேண்டுமென்பதே நோக்கம். வீட்டு மூலைக்கென்று அந்த நாற்காலி பிறக்கவில்லை. ஊர் சுற்றவே பிறந்தது.

அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யட்டும். அதுவரை குடும்பம் செய்யக் கூடியது யாது? முதலாவது, முடிவு செய்து விட்டு அறிவிக்காமல், முடிவு செய்யுமுன் கேட்க வேண்டும். "வருகிறீர்களா?" என்று கேட்பதினும், "எப்படிப் போனால் உங்களுக்குத் தோதாக இருக்கும்?" என்று கேட்பது நன்று. முதற்கேள்விக்கு 'வேண்டாம்' என்று சொல்வது எளிது. இரண்டாவது கேள்வி அவரை ஏற்பாட்டில் பங்காளியாக்குகிறது. வாகனம் எதுவரை போகும், கழிப்பறை வாசலில் படி உண்டா, நிழல் எங்கே என்பவற்றை முன்கூட்டியே ஒருவர் சென்று பார்த்து வரலாம். மணல் குறுகி, கடல் சாலைக்கு அருகே வரும் இடத்தைத் தேர்ந்து கொள்ளலாம். இறுகிய பலகைகளையோ தடித்த பாய்களையோ ஒன்றன்பின் ஒன்றாக விரித்துச் சிறிது தூரம் உருட்டலாம். இரயிலில் போவதாயின், துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவருக்கும் அவருடன் வருபவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதை உரிய சான்றிதழோடு தயங்காமல் பெறலாம். அது அவருக்குரிய சலுகை. அவரைப் பூட்டி வைக்கும் தடையன்று.

இவ்வளவும் கேட்டு, இவ்வளவும் ஆயத்தம் செய்த பிறகும் அவர் "இன்று எனக்கு மனமில்லை" என்று சொல்லலாம். அப்போது அதை வற்புறுத்தாமல் ஏற்பதே கடமை. நடக்க வல்லவருக்குக் கடல் பிடிக்காமலிருக்க உரிமை உண்டெனில், அவருக்கும் உண்டு. ஆனால் அந்த மறுப்பு, போவதற்கு வழியிருந்தும் அவர் சொன்ன மறுப்பாக இருக்கட்டும்.

கடலூர் மாவட்டத்தின் கடற்கரையிலும் இத்தகைய பாதையைக் கோரி ஊராட்சியிலும் மாவட்ட ஆட்சியரிடமும் மனுக் கொடுப்பதற்கு நாற்காலியில் இருப்பவர் மட்டுமே போக வேண்டுமென்பதில்லை. அவர் பிள்ளைகளும் போகலாம். அண்டை வீட்டாரும் கையெழுத்திடலாம். அடுத்த விடுமுறைக்கு இன்னும் நாள் இருக்கிறது.