அந்த நோட்டை இன்றே உள்ளே எடுத்து வையுங்கள்

திருப்பூர் 15 வேலம்பாளையத்தில் பிசியோதெரபி கிளினிக், மசாஜ் சென்டர், தைலம் தேய்த்து நீவிவிடும் கடை என்று எது நடத்துகிறவராக இருந்தாலும் சரி, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். முன்மேசையில் விரித்துக் கிடக்கும் அந்த நீள நோட்டை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அந்த நோட்டில் என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தேதி, பெயர், போன் நம்பர், ‘என்ன பிரச்சனை’, வாங்கிய தொகை. பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பீர்கள். வேலை முடிந்து நேராக வருகிற ஒரு பெண், தன் பெயரை எழுதக் குனிகிறாள். அவள் கைக்கு மேலே நான்கு வரிகள். ‘இடுப்பு, டிஸ்க்.’ ‘கழுத்து, வலது கை மரத்துப்போகுது.’ ‘பிரசவத்துக்கு அப்புறம் முதுகுவலி.’ ‘பைபாஸ் ஆனவர், மாத்திரை எடுக்கிறார்.’ நான்கில் இரண்டு பேர் அவளுக்குத் தெரிந்தவர்கள். ஒருத்தி அதே பனியன் கம்பெனியில் அடுத்த மிஷினில் உட்காருகிறவள், இன்னொருத்தி அதே லைன் வீட்டில் குடியிருப்பவள். யாரும் பூட்டை உடைக்கவில்லை, கம்ப்யூட்டருக்குள் புகவில்லை. வந்தவர்களின் உடம்பைப் பற்றிய சேதியை நீங்களே படிக்கக் கொடுத்துவிட்டீர்கள்.

இதில் என்ன பெரிய ரகசியம், இடுப்பு வலிதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வேறு ஊரில் அது வெறும் இடுப்பு வலியாக இருக்கலாம். திருப்பூரில் உடம்புதான் சம்பளம். ஓவர்லாக் டைலருக்குக் கழுத்தும் தோளும், செக்கிங்கில் நிற்கிறவளுக்குக் காலும் இடுப்பும், அயர்ன் மாஸ்டருக்குத் தோள்பட்டையும் ஒழுங்காக இருந்தால்தான் பீஸ் ரேட்டில் கணக்கு ஏறும், ஒன்றரை ஷிப்ட் பார்க்க முடியும். ‘அவளுக்கு டிஸ்க் போயிடுச்சாம்’ என்ற ஒரு வார்த்தை லைன் சூப்பர்வைசர் காதுக்குப் போனால் போதும். யாரும் வேலைநீக்க உத்தரவு தரமாட்டார்கள். ‘ஆர்டர் கம்மியா இருக்குது கண்ணு, அடுத்த வாரம் சொல்லி அனுப்பறேன்’ என்பார்கள். அந்த அடுத்த வாரம் வராது. எதனால் வேலை போனது என்றே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. உங்கள் நோட்டின் மேல் அவளுக்குச் சந்தேகம்கூட வராது.

15 வேலம்பாளையம் தனி நகராட்சியாக இருந்து 2011-இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்தது. பெயர்தான் மாநகரம். தெருவுக்குத் தெரு சொந்தமும் பங்காளியும் கம்பெனி சிநேகமும் பின்னிக் கிடக்கிற ஊர் இது. இங்கே ஒரு சேதி பரவ இன்டர்நெட் வேண்டாம், டீக்கடை போதும்.

அதற்காகக் கேள்வியே கேட்காமல் கை வைக்கவும் கூடாது. ரகசியம் காக்கும்படி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு முக்கியக் காரணமே இனிச் சொல்லப்போவதுதான். கெண்டைக்கால் வலி என்று ஒரு பெண் வருகிறாள். ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சுடுகிறது. அது தசைப்பிடிப்பாக இருக்கலாம், ஆழத்திலுள்ள ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருப்பதாகவும் இருக்கலாம். உறைந்த கட்டியைத் தேய்த்து அழுத்தினால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடக்கூடும், உயிரே போகலாம். அண்மையில் ஆபரேஷன் ஆனவர்கள், பிள்ளை பெற்று சில வாரமே ஆனவர்கள், சில வகைக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் அந்த ஆபத்து கூடுதல். ஆகவே, ‘ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா’ என்று நீங்கள் கேட்டே ஆக வேண்டும். அந்தப் பெண்ணும் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் நடுவில் தொங்குவது ஒரு துணித் திரை. திரைக்கு அந்தப்பக்கம் படுத்திருப்பது அவள் மாமியாரின் சிநேகிதி. கருத்தடை மாத்திரை சாப்பிடுவது வீட்டுக்குத் தெரியாது. அவள் என்ன சொல்வாள்? ‘ஒண்ணும் இல்லீங்க்கா’ என்றுதான் சொல்வாள். நீங்களும் நம்பித் தேய்ப்பீர்கள்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் அதை மறைத்தால், ஆழமாக அழுத்திய இடத்தில் உள்ளுக்குள் ரத்தம் கட்டிப்போகக்கூடும். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர் மறைத்தால், ஒத்தடச் சூட்டில் தோல் வெந்துபோவதுகூட அவருக்குத் தெரியாது. ரகசியம் காப்பதை மரியாதை சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் பார்க்காதீர்கள். வெளியே போகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் உங்களிடம் உண்மை வரும். உண்மை வந்தால்தான் உங்கள் கை யாரையும் கொல்லாமல் இருக்கும்.

நம் ஊரிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2022 டிசம்பரில், திருப்பூர் ஸ்ரீ சரண் மெடிக்கல் சென்டர் நோயாளிகள் ஒன்றரை லட்சம் பேரின் விவரங்கள் இணையத் திருடர்களின் சந்தையிலும் டெலிகிராமிலும் விலைக்கு வந்திருப்பதாக கிளவுட்செக் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. நோயாளியின் பெயர், பாதுகாவலர் பெயர், பிறந்த தேதி, முகவரி, பார்த்த டாக்டரின் விவரம் எல்லாம் அதில் இருந்தன. ஒரு பிரதியின் விலை 100 டாலர். வெளியார் ஐடி நிறுவனம் ஒன்றின் வழியாகப் போயிருக்க வேண்டும் என்பது கிளவுட்செக்கின் கணிப்பு. என்னை அதிரவைத்தது அந்த விவரங்களின் வயது. அவை 2007 முதல் 2011 வரை வந்துபோனவர்களுடையவை. வந்துபோனவர்களே மறந்திருப்பார்கள், பதினோரு வருஷம் கழித்தும் விவரம் சந்தைக்கு வந்திருக்கிறது. உங்கள் கடைப் பரணில் பழைய நோட்டுகள் எத்தனை கிடக்கின்றன? எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கம் பக்கமாகக் கிழித்து எரியுங்கள்.

2024-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களும் மருத்துவ அறிக்கைகளும் டெலிகிராமில் கேட்டவருக்கெல்லாம் கிடைத்தன. பின்லாந்தில் வஸ்தாமோ என்ற மனநல சிகிச்சை நிறுவனத்துக்கு வந்துபோன சுமார் 33,000 பேரின் குறிப்புகள் திருடு போய், 2020 அக்டோபரில் நோயாளிகளுக்கே நேராக மிரட்டல் மின்னஞ்சல் போனது: 200 யூரோ கொடு, இல்லாவிட்டால் நீ டாக்டரிடம் சொன்னதை ஊருக்குச் சொல்வேன் என்று. அடுத்த வருஷமே அந்த நிறுவனம் திவாலானது. திருடியவனுக்கு 2024-இல் ஆறு வருஷம் மூன்று மாதம் சிறைத்தண்டனை விதித்தார்கள். வெளியே போன குறிப்புகளைத் திரும்ப அள்ள எந்தக் கோர்ட்டாலும் முடியவில்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பு சொன்னது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை, எழுத்தில் பதிவான அவரது சம்மதம் இல்லாமல் வெளியிடுவதைத் தடுக்கும் சட்டம் 2018 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலேயே படிக்க வாய்ப்புத் தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

இந்தச் சட்டத்தில் ஓர் இடைவெளி உண்டு. டிஜிட்டல் வடிவில் இருப்பதைத்தான் அது தொடும். வெறும் காகித நோட்டு அதற்குள் வராது. அதே பக்கத்தை உங்கள் ரிசப்ஷன் பெண் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பிவிட்டால் வந்துவிடும். சட்டம் வராத இடத்தில் நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்பதுதான் என் கவலை. ஏனென்றால் நம் ஊரில் பெரும்பாலான விவரம் இன்னமும் காகிதத்திலும் வாயிலும்தான் நடமாடுகிறது.

அதனால் வாயிலிருந்தே தொடங்குவோம். கேள்விகளைத் திரை போட்ட அறையில் கேட்காதீர்கள். கதவு இருக்கிற ஒரு மூலையை ஒதுக்குங்கள், அது ஸ்டோர் ரூமாக இருந்தாலும் பரவாயில்லை. ‘அந்த யூட்ரஸ் ஆபரேஷன் அக்கா வந்தாச்சா’ என்று கூடத்திலிருந்து அறைக்குக் குரல் கொடுக்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தாள் எழுதிப் பூட்டிய டிராயரில் வையுங்கள். முன்மேசையில் பெயரும் நேரமும் போதும். ஊழியர்களின் சொந்த போனில் வாடிக்கையாளரின் எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட், முதுகுப் படம் எதுவும் இருக்கக் கூடாது. வேலையை விட்டுப் போகிற பையன் அந்தப் படங்களையும் கூடவே கொண்டுபோகிறான் என்பதை நினைத்துப் பாருங்கள். சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று ஸ்டேட்டஸ் போடுவதாக இருந்தால், முகம் தெரியாவிட்டாலும், வாடிக்கையாளரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அப்படி ஒரு பையனைக் கூட்டிவருவது பெரும்பாலும் கான்ட்ராக்டர்தான். பேச்சை மாற்றிச் சொல்வதும் அவர்தான். எங்கே வலி, எத்தனை நாளாக, முன்பு அடிபட்டதா என்று நீங்கள் கேட்கும் ஒவ்வொன்றும் அவனுக்குச் சம்பளம் போடுகிறவரின் காது வழியாகப் போய் வருகிறது. அவரை வெளியே உட்காரச் சொல்லுங்கள். இந்தி தெரிந்த உங்கள் ஆள் இல்லையென்றால், யாரை உள்ளே கூப்பிடலாம் என்று அந்தப் பையனையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

சில கம்பெனிகள் தங்கள் தொழிலாளருக்குத் தாங்களே பில் கட்டுகின்றன. நல்ல காரியம். ஆனால் பணம் கட்டியதால் உடம்பின் கதை அவர்களுக்குச் சொந்தமாகிவிடாது. தேதியும் தொகையும் எழுதிக் கொடுங்கள். ‘அவன் இன்னும் எத்தனை நாள் தாங்குவான்’ என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள்.

கடைசியாக, வரன் விசாரிக்க வருகிறவர்கள். நேரில் வருவார்கள், தெரிந்தவர் பெயரைச் சொல்வார்கள், குரலைத் தாழ்த்துவார்கள். ‘அந்தப் புள்ள உங்ககிட்ட வந்துச்சுங்களாமே, ஒண்ணும் பிரச்சனை இல்லீங்களே?’ நல்லது செய்வதாக நினைத்து, ‘அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க, தங்கமான புள்ள’ என்று சொல்லிவிடத் தோன்றும். அப்படியும் சொல்லக் கூடாது. இன்றைக்கு ஒருத்திக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, நாளைக்கு இன்னொருத்தியைப் பற்றிக் கேட்கும்போது வாயை மூடிக்கொண்டால், அந்த மௌனமே அவளைக் காட்டிக் கொடுத்துவிடும். அவள் வந்தாளா வரவில்லையா என்பதுகூட வெளியே போகக் கூடாது. ஆகவே வந்தவருக்கும் வராதவருக்கும், நோய் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். ‘இங்க யார் வர்றாங்க போறாங்கன்னு நாங்க யாருகிட்டயும் சொல்றதில்லீங்க.’ கேட்கிறவர் உங்கள் சொந்த அத்தையாக இருந்தாலும் அதே பதில்தான். ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்து, ஒருமுறை உங்கள் முன்னாலேயே சொல்ல வையுங்கள்.