எழுதி முடித்த நூலில் எது நம் விருப்பம்?

ஜெர்மானியத் தத்துவ ஞானியாகிய லைப்னிட்ஸ், தீமை மலிந்த இவ்வுலகத்தைப் படைத்த ஈசுவரனுடைய நீதியை நிலைநாட்டும் பொருட்டு 1710-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தியடிஸி' என்னும் பெரு நூலை, தர்க்கத்தோடு முடிக்காமல் ஒரு கதையோடு முடிக்கிறார். ரோமாபுரி இளவரசனான ஸெக்ஸ்டஸ் தன் பொல்லாத எதிர்காலத்தை ஆரூடத்திற் கேட்டு அஞ்சி ஜூபிடரிடம் முறையிட, ரோமாபுரியைத் துறந்தால் விதி வேறாகும் என்று தேவன் சொல்லியும், கிரீடத்தின் மேல் வைத்த ஆசையை விடமாட்டாதவனாய் அவன் தன் நாசத்தை நோக்கியே நடக்கிறான். இதைக் கண்டு மனங்கலங்கிய தியோடோரஸ் என்னும் பூசாரி, பல்லாஸ் தேவியின் ஆலயத்தில் துயிலுங்கால் விதியின் மாளிகையைக் கனவிற் காண்கிறான். அடியில்லாமல் கீழே விரிந்துகொண்டே போகும் அம்மாளிகையின் ஒவ்வொரு மண்டபமும், நடந்திருக்கக்கூடிய ஓர் உலகம்: ஒன்றில் ஸெக்ஸ்டஸ் இரு கடல்களுக்கிடையேயுள்ள நகரமொன்றில் தோட்டம் வாங்கி, அதிற் புதையல் கண்டு, செல்வனாய் முதிர்ந்து மடிகிறான், மற்றொன்றில் திரேஸ் நாட்டு அரசகுமாரியை மணந்து சிங்காதனம் ஏறுகிறான். மண்டபத்தில் ஒரு பெரும் புத்தகம் விரித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஸெக்ஸ்டஸின் நெற்றியில் ஓர் இலக்கம் காணப்படுகிறது. அவ்விலக்கத்தைப் புத்தகத்தில் தேடு என்று தேவி பணிக்க, பூசாரி தேடி அவ்விடத்தில் அவன் சரித்திரத்தை விரிவாய்க் காண்கிறான். தலையெழுத்து என்று நம்மவர் எழுத்தாகக் கண்டதை லைப்னிட்ஸ் எண்ணாகக் கண்டார் போலும்.

நெற்றியிலக்கம் பார்த்துப் பக்கம் புரட்டும் அந்தப் பூசாரியின் செய்கையை, 1982 ஆகஸ்டு மாதம் முதல் பிரிட்டனின் பள்ளிச் சிறுவர்கள் தங்கள் படுக்கைகளில் கவிழ்ந்து கிடந்தபடியே செய்யத் தொடங்கினார்கள். அம்மாதத்தில்தான் பஃபின் நிறுவனம், ஸ்டீவ் ஜாக்ஸன், இயன் லிவிங்ஸ்டன் என்னும் இரு நண்பர்கள் ஆளுக்குப் பாதியாக எழுதிய 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்' என்ற நூலை வெளியிட்டது. மலைக்குகையில் வாழும் மாயாவி ஒருவனுடைய பெட்டகத்தைத் தேடிச் செல்லும் கதை அது. கதை என்ற அளவில் அதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் அது 400 பத்திகளாகத் துண்டுபட்டு, இலக்கமிடப்பட்டு, முன்பின்னாகக் கலைத்து அச்சிடப்பட்டிருந்தது. கதாநாயகன் 'நீ' என்றே விளிக்கப்பட்டான். மேற்கே திரும்புவாயாகில் இந்த இலக்கத்துக்குப் போ, கதவை உடைப்பாயாகில் அந்த இலக்கத்துக்குப் போ என்று பத்திதோறும் ஏவல் இருந்தது. இரண்டு பகடையும் ஒரு பென்சிலும் ஓர் அழிரப்பரும் இருந்தால் போதும், திறன், உடல்வலு, அதிர்ஷ்டம் என்னும் மூன்றையும் பகடை உருட்டிக் குறித்துக்கொண்டு எவனும் புறப்பட்டுவிடலாம். இவற்றுள் அதிர்ஷ்டத்துக்கு விதித்த நியமம் கருதத்தக்கது. இக்கட்டான வேளையில் இரு பகடைகளை உருட்டி, விழுந்த தொகை தன் அதிர்ஷ்ட எண்ணுக்கு மிகாதிருந்தால் பிழைத்தான். பிழைத்தாலும் பிழையாவிட்டாலும் அந்த எண்ணில் ஒன்று குறைந்துவிடும். புண்ணியம் அனுபவிக்க அனுபவிக்கச் செலவாவது, செலவானபின் சுவர்க்கவாசியும் மண்ணுக்கு மீள்வான் என்று நம் பெரியோர் வகுத்த கணக்கை, விளையாட்டுச் சாமான் விற்றுப் பிழைத்த இரண்டு ஆங்கிலேய வாலிபர் தற்செயலாகவே வந்தடைந்தது எனக்கு வியப்பளிப்பதாகும். இத்தனையும் கடந்து மாயாவி ஸாகோரைக் கொன்றவனும், வழியில் உரிய சாவிகளைச் சேர்த்துக்கொள்ளாதவனாயின், பூட்டிய பெட்டகத்தின் முன்னே அழுவதன்றி வேறு செய்வதற்கில்லை.

'ஃபைட்டிங் ஃபேன்டஸி' என்னும் வரிசையாக வளர்ந்து கோடிக்கு மேல் விற்ற இந்நூல்களைக் கண்டு அக்காலத்தில் சில கிறிஸ்தவ அன்பர்கள் அஞ்சினார்கள். பேய்களோடும் பிசாசுகளோடும் உறவாடுவது பிள்ளைகளின் ஆன்மாவுக்குக் கேடு என்று எச்சரிக்கைப் பிரசுரமும் வெளிவந்தது. அவர்களுடைய அச்சம் தவறான இடத்தில் விழுந்தது என்றே சொல்ல வேண்டும். பிசாசு எல்லாக் கதைகளிலும் வருகிறது. இந்நூல்களில் மதவாதிகளைத் தூங்கவிடாமற் செய்யத்தக்கது ஒன்று உண்டானால், அது ஒவ்வொரு பத்தியின் அடியிலும் நிற்கும் அந்த இலக்கங்களேயாம். ஏனெனில், நூல் என் கைக்கு வருமுன்பே என் வெற்றியும் என் மரணமும் அச்சாகிவிட்டிருக்க, நான் தேர்ந்தேன், நான் வென்றேன் என்று பேசுவதற்கு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

இக்கேள்விக்கு விடை தேடுவோன் பண்டிதரிடம் போவதினும் ரசிகரிடம் போவது நலம். 2014-ஆம் ஆண்டில் லண்டனில் இந்நூல்களுக்கென்றே ஒரு விழா கூடி, பின்னரும் அவ்வப்போது கூடி வருகிறது. நரைத்த தலையினர் தங்கள் பத்து வயதுப் பிரதிகளைக் கையெழுத்துக்காக ஏந்தி நிற்பார்கள். இத்தகைய ரசிகர்கள் ஒருவரோடொருவர் பேசும் பேச்சில் ஒரு விசேஷம் உண்டு. மற்ற நூல்களின் அபிமானிகள் நாயகன் இறந்தான் என்று சொல்வார்கள். இவர்களோ, நான் இறந்தேன் என்கிறார்கள். குழியில் விழுந்தேன், விஷம் குடித்தேன், கதவுக்குப் பின்னே நின்றவன் என்னைக் கொன்றான் என்று தம் மரணங்களை ஒருவருக்கொருவர் உவகையோடு எடுத்துரைக்கிறார்கள். ஒரே பத்தியில் மாண்ட இருவர் சந்தித்துக்கொண்டால் ஓரூரார் பிறதேசத்தில் சந்தித்தது போன்ற பிரியம் உண்டாகிறது. இன்னொன்றையும் எவரும் தயங்காமல் ஒப்புக்கொள்கிறார்கள். அபாயமான தேர்வுக்கு முன் பழைய பக்கத்தில் இடக்கை விரலொன்றைச் செருகி வைத்துக்கொண்டே புதிய பக்கத்தைப் பார்ப்பது எல்லாருக்கும் வழக்கமாயிருந்தது. பேராசைக்காரன் ஐந்து விரல்களையும் ஐந்து சந்திகளில் செருகிவிட்டு, பக்கத்தைப் புரட்ட மூக்கைத் துணைக்கழைப்பான்.

அந்த விரலில்தான் என் கேள்விக்கு விடையின் ஒரு பாதி அகப்படுகிறது என்று நினைக்கிறேன். நூலில் யாவும் முன்னமே எழுதப்பட்டவை. ஆயினும் யாதொன்றும் மீளாததன்று. நம் வாழ்விலோ, யாவும் முன்னமே எழுதப்பட்டனவா என்பதில் ஞானிகளுக்குள்ளேயே விவாதம் தீர்ந்தபாடில்லை. திருக்குறளே ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் தந்து இரண்டையும் ஒரே நூலில் இருத்தியிருக்கிறது. எனினும் செய்த காரியம் மீளாது என்பதில் எவருக்கும் விவாதமில்லை. கர்மத்தின் பாரம் என்று நாம் உணர்வது, அது முன்குறிக்கப்பட்டது என்பதாலன்று, பக்கத்தில் விரல் வைத்துக்கொள்ள இயலாமற் போனதாலேயே எனலாம். பத்து வயதுச் சிறுவன் அந்தப் பாரத்தை இறக்கி வைத்துவிட்டுத் தேர்வின் இன்பத்தை மட்டும் சுவைக்கிறான். நாற்பது வயதில் அவன் அந்நூலை மறுபடி தேடி எடுப்பதற்குக் காரணம் இளமை நினைவு மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

விடையின் மறு பாதி அவர்கள் வரையும் படங்களில் இருக்கிறது. கட்டம் போட்ட தாளில் குகையின் அறைகளைக் குறிப்பதில் தொடங்கும் இந்த ஆர்வம், முதிர்ந்த ரசிகரிடத்தில் நானூறு இலக்கங்களையும் நானூறு புள்ளிகளாக்கி, எதிலிருந்து எதற்குப் போகலாம் என்று கோடிழுக்கும் தவமாகிவிடுகிறது. படம் முடிந்த அன்று நூல் முழுவதும் ஒரே பார்வையில் அடங்குகிறது. சிறையில் மரண தண்டனையை எதிர்நோக்கியிருந்த போயீத்தியஸ் என்னும் ரோமானியத் தத்துவ ஞானி ஆறாம் நூற்றாண்டில் எழுதியது இந்தப் பார்வையைப் பற்றியே: கடவுள் எதையும் 'முன்னே' அறிவதில்லை, முக்காலத்தையும் நித்தியமான ஒரு நிகழ்காலத்தில் காண்கிறார், காண்பவனுடைய காட்சி நடப்பவனுடைய நடையைக் கட்டுப்படுத்தாது என்பது அவர் வாதம். படம் வரைந்த ரசிகனைக் கேட்டால் இவ்வாதம் சரியென்றே சொல்வான். அவனுடைய படம் தன் தம்பி நாளை அந்த நூலை வாசிக்கும்போது எந்தத் தேர்வையும் அவன் கையிலிருந்து பறித்துவிடுவதில்லை. ஆனால் போயீத்தியஸ் கவனியாத மற்றொன்றையும் சேர்த்துச் சொல்வான்: படம் வரைந்தவனால் இனி அந்த நூலை விளையாட முடியாது. எல்லா வழியும் அறிந்தவனுக்குத் தேர்வதற்கென்று எதுவும் எஞ்சுவதில்லை. சர்வக்ஞத்துவம் பறிப்பது நம்முடைய சுதந்திரத்தையன்று, தன்னுடையதையே. பரம்பொருள் மானிட வேடம் பூண்டு அறியாதவன்போல் காட்டில் அலைந்ததாகப் புராணங்கள் பேசுவதற்கு இதனினும் நல்ல காரணம் எனக்கு இதுவரை எவரும் சொன்னதில்லை.

இவ்வளவும் 'நீ' என்று விளிக்கப்படுபவனைப் பற்றியே. வழியில் வெட்டுண்டு விழும் குட்டிப் பிசாசுகளுக்குத் தேர்வு ஏது? லைப்னிட்ஸின் மாளிகையும் இதே குற்றத்துக்கு உள்ளானதுதான். எல்லா உலகங்களிலும் சிறந்ததாகிய உச்சி மண்டபத்தில் ஸெக்ஸ்டஸ் தன் பாவத்தைச் செய்தேயாக வேண்டும் என்றும், அதனின்று ஒரு மகா சாம்ராஜ்யம் பிறக்கும் என்றும் தேவி சமாதானம் சொல்கிறாளேயன்றி, அவனுடைய பலாத்காரமாகிய அப்பாவத்துக்கு இரையான லுக்ரீஷியா என்னும் பெண் வேறு மண்டபத்தை வேண்டியிருப்பாளா என்பதை யாரும் கேட்கவில்லை. ஸ்டீவ் ஜாக்ஸன் 1986-இல் எழுதிய 'கிரியேச்சர் ஆஃப் ஹேவக்' இந்தக் குறையை உணர்ந்து எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. அதில் வாசகனே அரக்கன். யார் பேச்சும் விளங்காது, எழுத்துகள் குழம்பிய வெற்றோசையாகவே கண்ணிற் படும். இடமா வலமா என்பதையும் தானாகத் தேரவியலாது, பகடை சொல்வதே வழி. குப்பியொன்று உடைந்து வெளிப்படும் புகையைச் சுவாசித்த பிறகே அவனுக்கு விவேகம் பிறந்து, தேர்வு என்பது தொடங்குகிறது. சங்கற்பம் என்பது உயிரோடு பிறப்பதன்று, இடையிலே வந்து கூடுவது என்று பிரசங்கம் செய்தால் கேட்டுக் கொட்டாவி விடும் பிள்ளைகள், இதைச் சில பத்திகள் விளையாடி அனுபவத்தில் அறிந்தார்கள்.

ஆனால் எல்லாவற்றினும் விசித்திரமானது எட்வர்ட் பேக்கர்ட் எழுதியது. இவர் தம் பெண்மக்களுக்கு இரவில் கதை சொல்லி வந்த ஓர் அமெரிக்க வழக்கறிஞர். கதை ஓடாத ஒரு நாளில் அடுத்து என்ன ஆகும் என்று பிள்ளைகளையே கேட்கப்போய் இந்த வகை நூலுக்கு வித்திட்டவர்களுள் ஒருவரானார். 'சூஸ் யுவர் ஓன் அட்வென்ச்சர்' வரிசையில் 1982-இல் வெளிவந்த அவருடைய 'இன்சைட் யூஎஃப்ஓ 54-40' என்ற நூலில், உல்டிமா என்றொரு ஆனந்த லோகம் பேசப்படுகிறது. வாசகன் எந்த வழியைத் தேர்ந்தாலும் அங்கே போய்ச் சேர முடியாது. எந்தப் பக்கமும் அதற்குரிய பக்கத்துக்கு ஏவுவதில்லை. கட்டளைகளை ஒதுக்கிவிட்டு, சலிப்பினாலோ ஆசையினாலோ சும்மா பக்கங்களைத் தள்ளிப் பார்ப்பவன் 101-ஆம் பக்கத்தில் திடீரென்று உல்டிமாவில் நிற்கிறான். விதியை மீறி வந்தாய் என்று அங்கே அவனை வரவேற்கவும் செய்கிறார்கள். இது திருட்டு என்று முகஞ்சுளித்த ரசிகரும் உண்டு, அவ்வரிசை முழுவதிலும் அதுவே சிறந்த பக்கம் என்று கொண்டாடுபவரும் உண்டு. ஜீவனுடைய முயற்சி ஒரு சிறிதேனும் வேண்டும், குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல் என்று வைணவருள் வடகலையாரும், பூனை தன் குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் அருளே யாவும் செய்யும் என்று தென்கலையாரும் நடத்தி வரும் வாதத்தைக் கேட்டுப் பழகிய நமக்கு, இந்தச் சச்சரவு புதிதன்று. பக்கங்களைத் தள்ளிய கை முயற்சியா, முயற்சி ஓய்ந்ததன் அடையாளமா என்று கேட்டால் இரு திறத்தாரும் அந்நூலையே தத்தமக்குச் சான்றாகக் கொள்வார்கள்.

ஆயினும் இன்று அந்த லோகத்துக்குப் போகிறவர்களிற் பலர் தற்செயலாய்ப் போகிறவர்களல்லர். வாசித்தவன் வாசியாதவனிடம் தன் ஆர்வத்தை அடக்கமாட்டாமல் பக்க எண்ணைச் சொல்லிவிடுகிறான். கேட்டவன் கடையில் நூலை எடுத்ததும் நேரே அங்கே புரட்டுகிறான். தூய ரசிகர் இதைப் பொறுப்பதில்லை. தானாய்த் தடுக்கி விழுந்தவனுக்குரிய ஆனந்தத்தை முகவரி சொல்லி விற்றுவிட்டான் என்று வைகிறார்கள். நான் அவர்கள் பக்கம் சேரமாட்டேன். வழியறிந்தவன் ஒருவன் வாய் திறந்து சொல்ல, கேட்டவன் அதை நம்பி நடப்பதற்கு நம் மரபில் உபதேசம் என்ற மதிப்பான ஸ்தானம் உண்டு. சைவ சித்தாந்திகள் அருள் குருவடிவாகவே வரும் என்று சாதிக்கிறார்கள். அந்தக் குரு, கையிலே மசி படிந்த பத்து வயதுப் பையனாய், பள்ளிக்கூட இடைவேளையில் காதோடு காதாக ஓர் எண்ணைச் சொல்லிவிட்டு ஓடுபவனாய் இருக்கக் கூடாதென்று எந்த ஆகமத்திலும் விலக்கியிருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.