ஆச்சியின் கதையும் அக்காளின் வாழ்வும்

வலியசாலையில் வாழும் நமக்கு, விட்டுவந்த ஊர் பெரும்பாலும் பாட்டியரும் ஆச்சியரும் சொன்ன கதையாகவே எஞ்சியிருக்கிறது. அவ்வூரில் வறட்சியில்லை, வழக்கில்லை. மாண்ட பெண்களெல்லாம் தெய்வங்கள். இதைக் கேட்டு வளரும் பிள்ளை மெய்யான ஊரைக் காணும் நாளில் என்ன ஆகிறான்?

திருவனந்தபுரத்திற் பிறந்த நீல. பத்மநாபன் 1968இல் வெளியிட்ட ‘தலைமுறைகள்’ இவ்வினாவை நம்முன் வைக்கும் நாவல். 1956 வரை கேரளத்தோடு ஒரே அரசின்கீழ் இருந்த இரணியல் அதன் களம். சிறுவன் திரவி உண்ணாமலை ஆச்சியின் பழங்கதைகளில் தோய்ந்து வளர்கிறான். அவன் அக்காள் நாகுவோ, பெண்மையற்றவள் என்ற பழியுடன் கணவன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்படுகிறாள்.

கற்பனை கலைந்து உண்மை புலர்வதே வளர்ச்சி என்பது திறனாய்வாளர் வழக்கமாகக் கூறும் விளக்கம். நமக்கு அது முழுதும் உடன்பாடன்று. நாகுவை முடக்கிய குலமானம், ‘பெண் பொறுத்தாள், குலம் தழைத்தது’ என்னும் பழங்கதைகளின் மறுபக்கமேயன்றி வேறென்ன? கற்பனைதான் அங்கே உண்மையாகி ஒருத்தியின் வாழ்வை விழுங்குகிறது.

அப்படியாயின் கதை சொல்வதையே விட்டுவிடலாமா? (விட்டால் அவ்விடத்தைக் கைப்பேசி நிரப்பிவிடும், அது வேறு கவலை.) குலவழக்கத்தை எதிர்த்து அக்காளுக்கு மறுவாழ்வு தேடத் துணியும் திரவியின் சினம் எங்கிருந்து வந்தது? உலகம் நேர்மையாக இருக்கவேண்டும் என்று கதைகள் ஊட்டிய நம்பிக்கையிலிருந்தே வந்தது என நாம் படிக்கிறோம். கதையே கேளாதவனுக்கு அநீதி வெறும் நடைமுறையாகத் தோன்றியிருக்கும்.

ஆகவே கதை இருக்கட்டும். ஆனால் தெய்வமான பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது, “அதற்கு அவள் சம்மதித்தாளா, ஆச்சி?” என்று பேத்தி இடைமறித்தால் நம் வீடுகளில் என்ன விடை கிடைக்கும்?