சாட்சிக் கூண்டும் சத்தியமும்

“குர்ஆனைத் தொட்டா சொன்னேன்? கோர்ட்டில் வெறும் உறுதிமொழிதானே கொடுத்தேன்!” என்று சொல்லித் தம் மனத்தைத் தேற்றிக்கொள்ளும் வியாபாரிகள் நம்மவர்களில் சிலர் உண்டு. இதை மூடி மறைப்பதில் பயனில்லை. சத்தியம் என்றால் நடுங்குகிறவர், உறுதிமொழி என்றவுடன் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறார். இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது, இதற்கு ஆதாரம் உண்டா என்பதைச் சிந்திப்போம்.

லைட் ஸ்திரீட் ஹைகோர்ட்டில் சாட்சிக் கூண்டேறும் முஸ்லிம், வழக்கத்தில், திருமறையைக் கையிலேந்திச் சத்தியம் செய்வதில்லை. உண்மையே உரைப்பேன் என்று உறுதி கூறுகிறார். 1949-ஆம் வருஷத்துச் சத்தியங்கள், உறுதிமொழிகள் சட்டத்தில் இரண்டுக்கும் இடமுண்டு. சட்டத்தின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தண்டனைச் சட்டத்தின் 51-ஆம் பிரிவு, சத்தியம் என்ற சொல்லில் உறுதிமொழியையும் அடக்குகிறது. கோர்ட்டு நடவடிக்கையில் பொய்ச்சாட்சி சொன்னால் 193-ஆம் பிரிவின்படி ஏழு வருஷம் வரை சிறை. ஆனால் சிறைக்குப் பயந்து உண்மை பேசுவதைப் பற்றி எழுத நாம் முற்படவில்லை.

உறுதிமொழி என்பது நாஸ்திகர்கள் கண்டுபிடித்தது என்ற அபிப்பிராயமும் பலரிடம் இருக்கிறது. அது சரியன்று. இங்கிலாந்தில் அதை முதலில் கேட்டுப் பெற்றவர்கள் குவேக்கர் என்ற கிறிஸ்தவக் கூட்டத்தார். விசுவாசியின் சொல் எப்போதும் உண்மையாயிருக்க வேண்டும், கோர்ட்டுக்கென்று தனிச் சத்தியம் எதற்கு என்பது அவர்கள் வாதம். 1696-இல் அதற்குச் சட்டம் இடங்கொடுத்தது. கடவுளை நம்பாத பிராட்லா பார்லிமெண்டில் போராடி, அதன் பயனாகச் சட்டம் பிறந்தது 1888-இல். ஏறக்குறைய இருநூறு வருஷம் பிந்தி!

நம் பக்கத்து விஷயமும் இப்படித்தான். 1744-இல் கல்கத்தா வியாபாரி உமிசந்து என்பவரின் பண வழக்கு லண்டன் சான்ஸரி கோர்ட்டுக்குப் போயிற்று. கிறிஸ்தவரல்லாத சாட்சிகளின் சத்தியம் செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதித்தது. ஹார்ட்விக் பிரபு அதை ஏற்கவில்லை. அவரவர் மார்க்க முறைப்படி செய்த சத்தியம் செல்லும் என்றார். அது நியாயமான தீர்ப்பே. ஆனால் அந்த முறை கோர்ட்டுக் கோர்ட்டாகப் பரவியபோது வேறொரு தொல்லை வந்தது. இந்துவைக் கங்கை நீரைத் தொடு, முஸ்லிமைக் குர்ஆனைத் தொடு என்று நிர்ப்பந்தித்தார்கள். மனச்சாட்சியுள்ள பலர் இதை வெறுத்தார்கள். ஆகவே கம்பெனி அரசாங்கமே 1840-ஆம் வருஷத்து 5-ஆவது சட்டத்தால் அந்த நிர்ப்பந்தத்தை நீக்கி, சர்வ வல்லமையுள்ள இறைவன் முன்னிலையில் உறுதி கூறினால் போதும் என்றது. நம் திருமறையைக் கோர்ட்டு மேஜைச் சாமானாக்காமல் காத்தது இந்தச் சட்டம் என்றே நாம் சொல்வோம்.

மார்க்கம் என்ன சொல்கிறது? அன்னிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனம், தமக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ பாதகமானாலும் அல்லாஹ்வுக்காகச் சாட்சியத்தில் நிலைத்து நிற்கும்படி கட்டளையிடுகிறது. அல்பகராவின் 283-ஆம் வசனம் சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளத்தையே பாவமுள்ளதாகக் காட்டுகிறது. கையில் எதைப் பிடித்திருந்தான் என்ற பேச்சு இரண்டிலும் இல்லை. சாட்சியமே அமானிதம்.

“அப்படியானால் மார்க்கத்தில் சத்தியமே எதற்கு?” என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். வாதிக்கு ஆதாரம், மறுப்பவருக்குச் சத்தியம் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த முறை. வாதியிடம் ஆதாரம் இல்லாதபோது, மறுப்பவர் அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் செய்கிறார்; மனிதரால் தீர்க்க முடியாததை இறைவனிடம் ஒப்படைக்கிறோம். இங்கிலீஷ் கோர்ட்டின் சாட்சிச் சத்தியமோ வேறு. சாட்சி சத்தியம் செய்த பின்னும் வக்கீல் அவரைக் குறுக்கு விசாரணை செய்கிறார், நீதிபதி அவரை நம்பாமலும் போகலாம். ஒன்று வழக்கை முடிப்பதற்கு, மற்றது விசாரணையைத் தொடங்குவதற்கு. இரண்டையும் ஒன்றாக எண்ணியதே குழப்பத்தின் வேர்.

இந்தியாவில் இரண்டும் ஒரே கோர்ட்டில் கலந்திருந்த காலமும் உண்டு. 1873-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி ஒரு கட்சிக்காரர், “எதிரி இன்ன முறையில் சத்தியம் செய்தால் நான் கட்டுப்படுகிறேன்” என்று சொல்லலாம். எதிரி செய்துவிட்டால், அவர் சொன்னதே முடிவான ருசு. சட்டக் கமிஷன் 1965-இல் தன் 28-ஆவது அறிக்கையில் அச்சட்டத்தை ஆராய்ந்தது. 1969-இல் வந்த புதிய சட்டத்தில் அந்த முறை இல்லை. போனதில் நமக்கு வருத்தமில்லை. ஏனெனில் இறையச்சமுள்ளவர் உண்மைக்குக்கூட அல்லாஹ்வின் பெயரை இழுக்கத் தயங்குவார். நூறு வெள்ளி போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார். துணிந்தவன் தயங்குவதில்லை. தயங்கியவர் தோற்றவராகக் கணக்காகிறார்!

கடையில் நிலைமை வேறு. சரக்கு விற்கும்போது வாய்க்கு வாய் “வல்லாஹி” என்கிறோம். சத்தியம் சரக்கை விற்றுத்தரும், பரக்கத்தை அழித்துவிடும் என்ற ஹதீஸை எல்லோரும் ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். நாளெல்லாம் அப்படிச் சத்தியம் செய்த நாக்குத்தான் கோர்ட்டில் போய், உறுதிமொழி சத்தியமாகுமா என்று மஸ்அலா கேட்கிறது.

வழக்கு வரும் வழியையும் பார்க்க வேண்டும். கடனை எழுதிக்கொள்ளும்படி விரிவாகச் சொல்லும் அல்பகராவின் 282-ஆம் வசனம் திருமறையிலேயே மிக நீண்டது. நாமோ ஊர்க்காரர், மச்சான், பங்காளி என்று சீட்டில்லாமல் கொடுக்கிறோம். எழுதக் கேட்டால் மரியாதைக் குறைவென்று நினைக்கிறோம். பிறகு பள்ளிவாசலுக்கு வா, சத்தியம் செய் என்று அதே ஊர்க்காரரை அழைக்கிறோம்.

இன்று வியாபாரிக்குக் கூண்டேறும் சந்தர்ப்பம் குறைவு. அபிடவிட்டும், 1960-ஆம் வருஷத்துச் சட்டப்படியான ‘சூராட் அக்குவான்’ பத்திரமுமே அதிகம். ஆபீஸ் பையன் நீட்டும் காகிதத்தில், கல்லாவைப் பார்த்தபடியே கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் சாட்சியமே. மலாயோ இங்கிலீஷோ புரியாவிட்டால், யாரையேனும் வைத்துத் தமிழில் வரிக்கு வரி விளக்கச் சொல்லிக் கேட்டு, தெரியாத வரியை அடிக்கச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்திடலாம். சத்தியக் கமிஷனர் காத்திருப்பார்.