தொட்டிமீனின் சாவும் கருணையின் சாதியும்

சாகக் கிடக்கிற ஒரு தொட்டிமீனை நாமே கொல்லலாமா, தானாகச் சாகட்டும் என்று விட்டுவிடலாமா? இந்தக் கேள்வியை இந்தப் பத்திரிகையில் எழுதினால் சிரிக்கிறவர்கள் இருப்பார்கள். 'சாக்கடைக் குழிக்குள்ள இன்னமும் நம்ம ஆளு செத்துக்கிட்டு இருக்கான், இவளுக்கு மீன் கவலை வந்திருச்சு' என்பார்கள். சிரிக்கட்டும். ஓர் உயிருக்காக இரங்குகிற யோக்கியதை நமக்கு உண்டா என்று கேட்கிற ஆட்கள் இருக்கும்வரை இது சின்னக் கேள்வி இல்லை.

விஷயம் இதுதான். என் தங்கை மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். சென்னை கொளத்தூர் கடையில் வாங்கிய தங்கமீன் ஒன்றை இரண்டு வருஷமாக வளர்த்தாள். அதற்கு வயிறு ஊதியது. செதில்கள் அன்னாசிப்பழத் தோல் மாதிரி நிமிர்ந்து நின்றன. மீன்கடைக்காரர் பார்த்ததுமே 'டிராப்சி' என்றார். நன்னீரில் வாழும் மீனின் உடம்புக்குள் வெளித்தண்ணீர் ஓயாமல் ஊறி வந்துகொண்டே இருக்கும். அதை வெளியேற்றுவது சிறுநீரகம். சிறுநீரகம் கெட்டால் மீன் தண்ணீருக்குள்ளேயே நீர்கோத்துச் சாகும். ஆரம்பத்தில் கண்டுகொண்டால் சுத்தமான தண்ணீரும் மருந்தும் காப்பாற்றலாம். செதில் நிமிர்ந்தபின் பிழைப்பது அபூர்வம். தனித்தொட்டியில் விட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, மருந்து போட்டு எட்டு நாள் பார்த்தோம். தின்பதை நிறுத்திவிட்டது. ஒருபக்கமாகச் சாய்ந்து, தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது.

"பெரியம்மா, அதுக்கு வலிக்குதா?" என்று கேட்டாள் பிள்ளை.

அக்கம்பக்கத்தில் பல பதில் வந்தது. 'அது விதி, போற உசுரு தானா போகட்டும்' என்றார் ஒருவர். 'ஏரியில கொண்டுபோய் விட்டுட்டா புண்ணியம்' என்றார் இன்னொருவர். நோய்பிடித்த மீனை ஏரியில் விட்டால் நோயையும் சேர்த்து விடுகிறோம் என்பது அவருக்குத் தோன்றவில்லை. மூன்றாவது பதில் வீட்டுக்காரம்மாவுடையது. "மாட்டுக்கறி ஆக்கித் திங்கிறவங்களுக்கு ஒரு மீனுக்குப் போயி இவ்வளவு அழுகையா? அறுக்குறதெல்லாம் உங்க ஆளுங்களுக்குப் பழக்கம்தானே, ஒரே அமுக்கா அமுக்கிட்டுப் போங்களேன்."

இந்த மூன்றாவது பதிலில் ஒரு சாஸ்திரமே அடங்கியிருக்கிறது. இரக்கப்படுவது அவர்கள் குணம், கொல்லுவது நம்ம தொழில். ஊரில் மாடு சாகக் கிடந்தால் சேரிக்குத்தான் ஆள் வரும். இழுத்துக்கொண்டு போவது, தோலை உரிப்பது, புதைப்பது எல்லாம் நம்ம பாட்டன் பூட்டன் தலையில். மாடு வளர்த்தவன் ஜீவகாருண்யன். அதன் பிணத்தைத் தூக்கியவன் தீண்டத்தகாதவன். 2016 ஜூலையில் குஜராத்தின் உனா பகுதியில், செத்துப்போன பசுவின் தோலை உரித்ததற்காகத் தலித்துகளைக் கட்டிவைத்து அடித்தார்கள். செத்த மாட்டை அப்புறப்படுத்துகிற வேலையையும் நமக்கே கொடுத்துவிட்டு, அதைத் தொட்டதற்காக அடிக்கிறவனின் கருணை எப்படிப்பட்ட கருணை?

எம்.ஏ. தமிழ் வகுப்பில் குறளின் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் ஒரே மூச்சில் நடத்தினார்கள். வள்ளுவர் இரண்டையும் தனித்தனி அதிகாரமாக வைத்திருக்கிறார். எதைத் தின்கிறோம் என்பது ஒரு கேள்வி. கண்முன்னால் துடிக்கிற உயிருக்கு என்ன செய்கிறோம் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குச் 'சைவம்' என்று பதில் எழுதியவன் இரண்டாவதிலும் மார்க்கு வாங்கிவிட்டதாக நினைக்கிறான்.

மீனுக்கு வலிக்குமா என்பதற்கு வருவோம். 2003ல் ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடன் குழுவினர் டிரவுட் மீனின் உதட்டில் அமிலத்தையும் தேனீ விஷத்தையும் ஏற்றிப் பார்த்தார்கள். அந்த மீன்கள் நெடுநேரம் இரையெடுக்கவில்லை, உடம்பை ஆட்டின. அமிலம் ஏற்றியவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. அதை வலி என்று சொல்லலாமா என்று விஞ்ஞானிகள் சிலர் இன்றும் மறுக்கிறார்கள். வலிப்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல் சாட்சி கேட்கிற உலகத்தை நமக்கு நன்றாகத் தெரியும். அதனால் சந்தேகத்தின் பலனை மீனுக்குக் கொடுப்போம். 1960ன் பிராணிவதைத் தடுப்புச் சட்டமும் மனிதன் தவிர்த்த எல்லா உயிரையும் பிராணி என்றுதான் கணக்கெடுக்கிறது. உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்கிற நிலையில் பிராணியின் உயிரை முடிக்கலாம் என்று அதன் 13ஆம் பிரிவு ஒப்புக்கொள்கிறது.

1928ல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்றுக்குட்டி தீராத வேதனையில் கிடந்தது. காந்தி மருத்துவரை வரவழைத்து, தன் கண்முன்னாலேயே விஷ ஊசி போடச் செய்தார். அதைப் பத்திரிகையில் எழுதவும் செய்தார். கோபக் கடிதங்கள் குவிந்தன. மறைக்காமல் எழுதினார் என்பதற்காக அவரைப் பாராட்டலாம். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 1927 மார்ச்சில், மகத்தில் ஆடுமாடு குடிக்கிற குளத்தில் தண்ணீர் குடித்ததற்காக நம் மக்களை அடித்தார்கள். சாணியும் கோமியமும் ஊற்றிக் குளத்தைச் சுத்தம் செய்தார்கள். கன்றுக்குட்டிக்காகக் கொதித்த மனசாட்சிகளில் எத்தனை அந்தக் குளத்துக்காகக் கொதித்தன?

எனக்கு வழிகாட்டியது அந்தக் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியவர்தான். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அம்பேத்கர், புத்தர் அகிம்சையைக் கோட்பாடாக வைத்தார், விதியாக வைக்கவில்லை என்கிறார். விதி, கையைக் கட்டும். கோட்பாடு, யோசித்து முடிவெடுக்கிற சுதந்திரத்தைக் கொடுக்கும். கொல்லும் ஆசை வேறு, கொல்ல வேண்டிய தேவை வேறு என்றும் பிரிக்கிறார். 'கொல்லாதே' என்பதை விதியாகப் பிடித்துக்கொண்டவன், மீன் துடிக்கத் துடிக்க, 'நான் ஒண்ணும் செய்யலையே' என்று நிம்மதியாகத் தூங்கலாம். கோட்பாடாக ஏற்றவன் தொட்டி முன்னால் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும்.

அதே பௌத்தம் எச்சரிக்கையும் செய்கிறது. விநய பிடகத்தில் ஒரு கதை உண்டு. நோயில் கிடந்த பிக்கு ஒருவரிடம், இரக்கத்தால் மற்ற பிக்குகள் சாவின் மேன்மையைப் பேசினார்கள், அவர் இறந்துபோனார். இரக்கம்தான் காரணம் என்றாலும் அவர்கள் சங்கத்தில் இருக்கும் தகுதியை இழந்தார்கள். மனிதர் விஷயத்தில் அந்தக் கறார் வேண்டும். நம் தென்மாவட்டங்களில் முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கூத்தல் நடத்தியவர்களும் கருணை என்றுதான் சொன்னார்கள். தீர்ந்தது கிழவியின் வேதனையா, வீட்டாரின் செலவா? வாயுள்ள கிழவியையே கேட்காதவர்கள், வாயில்லாத மீனை எங்கே கேட்கப்போகிறார்கள்? அதனால் மீனிடமும் அதே கேள்விதான்: முடியப்போவது அதன் அவஸ்தையா, பார்க்கச் சகிக்காத என் அவஸ்தையா? இரையெடுக்கிறதா, நிமிர்ந்து நீந்துகிறதா, செய்ய வேண்டிய வைத்தியத்தையெல்லாம் செய்தோமா? இத்தனைக்கும் பதில் பார்த்தபிறகே அடுத்த அடி.

பார்த்தோம். கிராம்பு எண்ணெய் வாங்கினோம், பல்வலிக்குத் தடவுகிற அதே எண்ணெய். அதிலுள்ள யூஜினால் மீனை மயக்கும், அளவு கூடினால் மூச்சை நிறுத்தும். எண்ணெய் தண்ணீரோடு கலக்காது என்பதால் ஒரு சிறு பாட்டிலில் நன்றாகக் குலுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். மீன் முதலில் மயங்கியது. பிறகு இன்னும் ஊற்றினோம். செவுள் அசைவு நின்ற பிறகும் அரைமணி நேரம் எடுக்காமல் வைத்திருந்தோம். கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவதும் குளிர்பெட்டியில் வைப்பதும் செய்கிறவனுக்குத்தான் சுலபம், மீனுக்கு இல்லை. பாட்டிலை வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை. முடிவு எடுத்தது நான், ஊற்றியதும் நான். பிள்ளையிடம் மீன் சாமிகிட்டப் போச்சு என்று சொல்லவில்லை. ஏன் செய்தோம், எப்படிச் செய்தோம் என்று சொன்னேன். அழுதாள். அழுகிற உரிமை அவளுக்கு உண்டு.

இந்த நாட்டின் அகிம்சைக்குள் ஒரு வேலைப் பிரிவினை இருக்கிறது. முடிவு ஒருவனுடையது, கை இன்னொருவனுடையது. பழி கைக்கு, புண்ணியம் முடிவுக்கு. வாயில்லா ஜீவனைக் கொல்லத்தான் வேண்டும் என்று முடிவெடுக்கிறவன் அதைத் தன் கையாலேயே செய்யட்டும், குறைந்தபட்சம் கடைசி மூச்சுவரை பக்கத்தில் நிற்கட்டும். நிற்க முடியாது என்றால் அந்த முடிவை அவன் எடுக்கக் கூடாது. 'உங்க ஆளுங்களுக்குப் பழக்கம்தானே' என்று சொல்லி நம் கையில் கத்தியைத் திணிக்க வருகிறவர்களிடம் இனி இதைத்தான் சொல்ல வேண்டும்: கத்தியை நீங்களே பிடியுங்க, கருணைன்னா என்னன்னு அப்பப் பேசலாம்.